ஒன்றுமில்லாததன் படம்

கபஸ்கேசிங் மருத்துவமனையில்
எக்ஸ்-ரே அறை எனக்குக் கிடைப்பது
இரவு ஒன்பதுக்கு மேல்தான்.
பகலெல்லாம் எலும்புகள் வரிசையில் நிற்கும்.

வெளியே மைனஸ் பதினெட்டு.
காகித ஆலைப் புகை கலைய மறந்து
நட்டுவைத்ததுபோல் நிற்கிறது.
மிரேய் காபியை நீட்டிக் கேட்கிறாள்:
“படமெல்லாம் முன்னைவிட அழகாக வருகிறதே,
எதற்கு அளக்கிறாய்?”
அழகாக வருவதால்தான்.

குழாய்க்கு முன்னால் அலுமினியத் தகடு,
இருபத்தொரு மில்லிமீட்டர்:
இல்லாத நோயாளியின் சதை.
பலகைமேல் டங்ஸ்டன் துண்டு.
நேராக வைக்கக் கூடாது, இரண்டு பாகை சாய்க்க வேண்டும்.
சாய்ந்த விளிம்பு
புள்ளிக்குப் புள்ளி வேறு இடத்தில் வெட்டி
பலகையின் வாயைக் கிளறிவிடும்.
வெள்ளை முடிந்து கறுப்பு தொடங்குமுன்
எத்தனை சாம்பல் தயங்குகிறது?
கூர்மை என்பது அந்தத் தயக்கத்தின் அகலம்.

பிறகு துண்டை எடுத்துவிட்டு
ஒன்றுமில்லாததைப் படம் பிடிக்கிறேன்.
முப்பது முறை.
வெறுமையிலும் பொரிபொரியாய் இரைச்சல் இருக்கும்,
அதையும் எடை போட வேண்டும்.
சதுர மில்லிமீட்டருக்கு
எழுபத்தையாயிரம் ஃபோட்டான் கொட்டினேன்.
எத்தனை பேர் வந்து போனதற்குச் சாட்சி இருக்கிறது?
பொருத்திய ஆண்டில் நூற்றுக்கு அறுபத்தைந்து.
இன்று நாற்பத்து நான்கு.

மறுபடி அளந்தேன். நாற்பத்து நான்கு.

பலகைக்குள் ஊசி ஊசியாய் நிற்கும் படிகம்
ஒரு வகை உப்புதான்.
எங்கோ ஓர் ஓரம் பிரிந்து
ஈரம் குடித்திருக்கிறது,
அடைமழையில் மூட மறந்த ஜாடிபோல.
திரையில் தெரியாது. மென்பொருள்
இரைச்சலைத் துடைத்து, விளிம்பைத் தீட்டி,
பவுடர் பூசி அனுப்பிவிடுகிறது.

பத்தே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது.
ஸ்னோமொபைலிலிருந்து விழுந்தவன்.
ஆலையில் இரவு ஷிப்ட் போகவேண்டியவன்,
வலது மணிக்கட்டை இடது கையில் ஏந்தி.
டங்ஸ்டன் கிடந்த இடத்தில் அவன் கை.
அதுவும் சாய்ந்துதான் கிடந்தது.
மிரேய் நேராக்கினாள். அவன் பல்லைக் கடித்தான்.

ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நான்.
படம் வந்தது. அழகான படம்.
முறிவு தெரியவில்லை.
“துடைக்காததைக் காட்டு” என்றேன்.
என் வேலையல்ல அது. காட்டினாள்.
மணற்காற்று அடித்த படம். அதில்
சின்னப் படகெலும்பின் இடுப்பில்
ஒரு கோடு.
கோடா, இரைச்சல் கூடி நின்ற இடமா?
நான் வைத்தியரல்ல, இருபது வருடமாய்
இல்லாத நோயாளிகளை மட்டும் பார்க்கிறவள்.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: நாற்பத்து நான்கு.

டாக்டர் லஃப்லாம் நெற்றியைத் தேய்த்தார்.
டிமின்ஸுக்கு இரண்டு மணி நேரம், அதுவும் பனியில்.
இந்த இயந்திரத்தை மூடினால்
நாளை முதல் எல்லா எலும்பும் அந்தச் சாலையில்தான்.
மூடாவிட்டால்
என்று தொடங்கியதை யாரும் முடிக்கவில்லை.

முறிந்ததாகவே வைத்துக்கொள்வோம் என்று
கட்டுப்போட்டு அனுப்பினார்கள்.
“ஷிப்ட் போச்சு” என்றான், அவ்வளவுதான்.
அவன் கை என்ன ஆயிற்றென்று எனக்குச் சொல்லமாட்டார்கள்.
நியாயம்தான்.

மூன்று மணிக்கு அறிக்கை:
பலகையை மாற்றவும். அதுவரை
நெஞ்சுக்குப் போதும், கைகால்களுக்கு வேண்டாம்.
‘நிச்சயமின்மை’ என்றொரு கட்டம்,
நிரப்பாமல் அனுப்ப விடாது.
கூட்டல் கழித்தல் மூன்று.

விளிம்பில் கீறல் விழுந்தால் டங்ஸ்டன் குப்பைக்கு.
ஸ்வெட்டரில் சுற்றி
பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டேன்.
காற்று கிளம்பிவிட்டிருந்தது.
நெடுஞ்சாலை பதினொன்றில்
விளக்கு எட்டும் தூரம்வரை
வெள்ளைப் பொரி, வெள்ளைப் பொரி,
நடுவில் எதுவோ கறுப்பாய்.
மூஸ் மான். இல்லை.
மூஸ்தான்.
வேகத்தைக் குறைத்தேன்.