மூன்று பத்து

இரவு மூன்று பத்துக்கு
டிவிக்குக் கீழே நீல விளக்கு பற்றும்.
முதலில் விசிறியின் பெருமூச்சு,
பிறகு ஹார்ட் டிஸ்க் தொண்டையைச் செருமும்,
பிறகு டிவியும் விழித்துக்கொண்டு
குதைபியா ஃபிளாட்டின் ஒரே ஹாலில்
மூன்று பேர் முகத்திலும்
கேட்காமல் வெளிச்சம்.

நாலு பேர், ஆளுக்குப் பதினெட்டு தினார்,
பழைய பாகங்களில் கட்டிய கம்ப்யூட்டர்.
படம் பார்க்க மட்டும் என்று சத்தியம்.
ராப்பகலாக ஓடிக்கொண்டே இருந்தது.
கரண்ட் பில் முப்பதைத் தாண்டியதும்
போன மாதம்தான் தூங்க வைக்கத் தொடங்கினோம்.
ஹைபர்நேட் கொடுத்தால்
நினைவை எல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு
செத்ததுபோல் கிடக்க வேண்டும்.
அதுதான் ஒப்பந்தம்.

'பேய்' என்றார் ஏகாம்பரம்.
'பேய்க்கு யாருண்ணே விசா எடுத்தது'
என்றான் சதக்கு, போர்வைக்குள்ளிருந்து.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
ஆளில்லாத மாடியில் நின்று
தானாகக் கதவு திறக்கும் லிஃப்டுகளைப் பார்த்தவன்.
எங்காவது ஒரு பட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும்,
அவ்வளவுதான்.

முதல் வெள்ளிக்கிழமை நெட்வொர்க் கார்டைப் பிடித்தேன்.
'இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம்',
பக்கத்தில் டிக். எடுத்தேன்.
மூன்று பத்து.
மவுஸைப் பிடுங்கினேன். அதன் ரிசீவரை
ஏகாம்பரத்தின் சுகர் மாத்திரை டப்பாவில் போட்டு மூடினேன்.
மூன்று பத்து.
ரிமோட்டைப் பார்க்கும் கண்ணுக்கு பிளாஸ்திரி.
மூன்று பத்து.
ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால்
கோளாறு என்று நம்பலாம்.
இது டூட்டி.

கடைசியில் கறுப்புத் திரையைத் திறந்து
நேராகவே கேட்டேன்:
உன்னை எழுப்பியது யார்?
நாலு வரி பதில். நடுவில் ஒரு பெயர்.

மிக்கேல் மச்சாது.
ஹித் கப்பல் பட்டறையில் வெல்டர்.
நாலாவது பதினெட்டு தினார்.
விசா முடிந்து போய் ஏழு மாதம்.
கட்டிலை விற்றாயிற்று,
அவன் தட்டில் சதக்கு சாப்பிடுகிறான்,
யூசர் அக்கவுண்ட் மட்டும் யாருக்கும் நினைவில்லை.

தினமும் மூன்று பத்து, அங்கே ஐந்து நாற்பது,
தூத்துக்குடிக் கடல் வானிலை,
பத்து நிமிடம், பதிவு செய்க.

ஆமாம். சாயங்காலம் வெல்டிங் புகை வாசத்தோடு
குளிக்காமல் உட்கார்ந்து பார்ப்பான்.
'அடிச்சு ஓஞ்ச காத்த இப்பப் பாத்து என்னடா.'
'சும்மா இருங்கண்ணே, கொண்டல் திரும்பிருக்கு.'

அவன் போன மறுவாரம்
மொட்டை மாடி டிஷ்ஷை வாட்ச்மேன் கழற்றிவிட்டான்.
இருநூற்றுச் சொச்சம் ஃபைல்.
ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
நீலம், நடுவில் 'சிக்னல் இல்லை'.
நீலம், நடுவில் 'சிக்னல் இல்லை'.
பத்துப் பத்து நிமிடமாக
ஏழு மாத நீலத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது பெட்டி.

அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.
மறுநாள் பதில், பின்னால் கிரைண்டர் சத்தம்:
'ஐயோ அண்ணே, அது இன்னும் ஓடுதா?
எங்க அண்ணன் கடலுக்குப் போறத விட்டு
ரெண்டு வருசமாச்சே.
லாஞ்ச வித்து ஆட்டோ எடுத்துட்டான்.
நாந்தான் அத நிறுத்தாம விட்டேன்.
அழிச்சிருங்க.'

ரெண்டு வருசம்.
அதில் பதினேழு மாதம்
இதே சோபாவில், எங்களுக்கு நடுவில்.

டைமரை எடுத்தேன். நீலத்தை அழித்தேன்.
காற்று உள்ள ஃபைல்கள் கடைசிப் பதினொன்று இருந்தன.
'அது மட்டும் எதுக்கு?' என்றார் ஏகாம்பரம்.
'இடம் இருக்கு' என்றேன்.

நேற்று இரவு பெட்டி எழவில்லை.
சதக்கு எழுந்தான். மொபைலில் மணி பார்த்தான்.
'என்னண்ணே, இன்னும் வரல?'
'தூங்குடா.'

ஏசி வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.
நிறையப் போகிற சத்தம்.
ஊற்றும் முறை யாருடையது என்று தெரிந்தும்
மூன்று பேரும்
தூங்குவதுபோல் கிடந்தோம்.