துணையாள்

தானியங்கிக் கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியில்
ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள்:
மாலை ஆறுக்குமேல்
பதினெட்டு நிரம்பாதோர்
பெரியவர் துணையின்றி வரக் கூடாது.
மலாயில் ஒரு தடவை, சீனத்தில் ஒரு தடவை,
தமிழில் பிழையோடு ஒரு தடவை.
'பெறியவர்' என்று.

இரண்டாம் மாடிக் கழிவறைக் கதவை
யாரோ உதைத்து உடைத்தார்களாம்.
யாரோ என்றால் நாங்கள்.
அன்றிலிருந்து எங்கள் எல்லார் காலும் ஒரே கால்.

எனக்கு அவ்வளவு சிக்கல் இல்லை.
சரக்கு லாரி நிற்கும் பின்சந்து வழியாக
ஐந்தரைக்கே உள்ளே போய்விடுவேன்.
கோழி பொரிக்கும் கடையின் சிவப்புச் சட்டை,
தலைக்கு வலை, மார்பில் பெயர்.
மணிக்கு எட்டு வெள்ளி சொச்சம்.
பதினேழு வயதுக் கை
கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கலாம்.
நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கக் கூடாது.

ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்தது.
சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு
முன்வாசலுக்குச் சுற்றி வந்தேன்.
ருபிணிக்குப் பரீட்சைப் பேனா வாங்க வேண்டும்.
கடை அங்கிருந்து முப்பது அடி.
காவலர் குப்புராஜ் கை நீட்டினார்: "ஐசி."
தினமும் அவர் பொட்டலத்தில்
மிளகாய்ச் சாற்றைக் கூடுதலாக வைப்பவள் நான்.
அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
"சட்டையப் போட்டுட்டு வா லா" என்றார்
வேறு யாருக்கும் கேட்காமல்.

ஊரில் வேறு இடம் உண்டா என்றால் உண்டு.
கிம்மாஸ் பஸ் வராத பஸ் நிறுத்தம்.
ஏழு மணிக்குத் தோட்ட நிர்வாகம் பூட்டும் திடல்.
செம்பனை ஆலைப் புகை
பாடப்புத்தகத்தில் ஏறிப் படியும் வீட்டு முன்கூடம்,
அங்கே வைஃபை எட்டாது.

சம்பள சனிக்கிழமை
யுகேந்திரனுக்கு ஒரு யோசனை:
பெரியவர் ஒருத்தரை இரவல் வாங்கலாம்.
முதலில் கேட்டவருக்கு அந்த நேரம் பார்த்து
அடிக்காத தொலைபேசி அடித்தது.
தள்ளுவண்டியோடு வந்த அம்மா
"உங்க வீட்டு ஆளுங்க எங்க?" என்றார்.
ஷிப்டில்.

மூன்றாவதாக ஷஹின்.
பதினாறாம் பிளாக்கில் குலை வெட்டுகிறவன்,
வங்காளதேசத்துக்காரன்.
கடையில் பிரித்த மடிப்பு இன்னும் கலையாத சட்டை.
அட்டையில் வயது பத்தொன்பது.
"நாலு பேருக்கும் நீ தங்கோங்கா?"
காவலர் மலாயில் கேட்டது
எங்கள் பிள்ளைகள் காதில் 'தாங்கு' என்று விழுந்ததாம்.
அவன் தலையாட்டினான், தாங்குவதாக.

பணம் அனுப்பும் முகப்பைத் தாண்டி
அவன் உள்ளே வந்ததே இல்லை.
இரண்டு வருடமாக.
படிக்கட்டு நகரத் தொடங்கியதும்
சாஷ்வின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.
மேலே ஏறியதும் எண்ணினான்,
குலை எண்ணுகிற மாதிரி விரலை நீட்டி:
ஒன்று, இரண்டு, மூன்று, அஃபிக்கையும் சேர்த்து நாலு.
ஒவ்வொரு கடை வாசலிலும் திரும்ப எண்ணினான்.

என் கடைக்கு வந்தார்கள்.
சில்லறை திரட்டி அவனுக்கு ஒரு தொடைத் துண்டு.
எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்து
ஊருக்கு அனுப்பினான்.
யாருக்கு என்று கேட்கவில்லை.
என்னவென்று எழுதியிருப்பான்?

ருபிணி தன் பேனாவைத் தானே வாங்கினாள்.
வெளியே வரும்போது
எழுதுகிறதா என்று பார்க்க வேண்டுமே.
கண்ணாடித் தாளில் 'றி'யை அடித்து
மேலே சின்னதாக, அழகாக, 'ரி' போட்டாள்.
தமிழில் அவள் எப்போதும் ஏ.

கேமரா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
திங்கட்கிழமை புதுத் தாள் ஒட்டினார்கள்:
மாலை ஐந்துக்குமேல்.
பெரியவர் என்பதை மட்டும்
சரியாக எழுதியிருந்தார்கள்.