இரண்டு புள்ளி வெளுப்பு

பெஸ்தாரி ஜெயா என்கிறது பலகை.
பஸ்காரர் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் கத்துவார்.
முடிதிருத்தகத்துக்கும் நாலு நம்பர் கடைக்கும்
நடுவில் என் ஸ்டூடியோ.

அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம்,
பதினாறாம் நாள் பேனர்.
யார் வந்து உட்கார்ந்தாலும்
திரையில் அந்தக் கோட்டுக்குக் கை தானே போகும்.
இரண்டு புள்ளி வெளுப்பு.
சம்பந்தம் பேசுகிற பெண் என்றால் மூன்று.
செத்தவர்களுக்கும் செய்திருக்கிறேன்,
யாரும் குறை சொன்னதில்லை.

செலஸ்தீன் இலுங்கா வந்தது பெருநாள் முடிந்த வாரம்.
காங்கோ என்றாள்.
அங்கேயும் பால்மரமா என்றேன்.
மரமில்லை, காட்டுக்கொடி என்று சொல்லி
ஒரு கையால் மறுகை மணிக்கட்டைப்
பிடித்துக் காட்டினாள்.
ஏன் அந்த இடத்தைப் பிடித்தாள் என்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பென்டிரைவில் அவள் எடுத்த வீடியோ:
செம்பனை வரிசைக்குள் பின்னோக்கி நடக்கிறாள்.
முகத்தை மூடி ஒரு வெள்ளைத்தாள்.
வியர்வையில் தாள் ஊறி
மெல்ல மெல்ல முகமாகிறது.
பதினோரு நிமிடம், ஒரு பேச்சு கிடையாது.
அதிலிருந்து ஆறு படம் வேண்டும், கனத்த தாளில்.

கோட்டைத் தொட்டேன்.
"அது எதற்கு?"
பழக்கம் என்றேன்.
"யாருடைய பழக்கம்?"
கோபமாக அல்ல,
மணி என்ன என்று கேட்பதுபோல.

மூன்றாவது படம் பாதி வரும்போது
மெஷின் முனகி நின்றது.
கறுப்பு மை தீர்ந்துவிட்டது.
கடை போட்டுப் பன்னிரண்டு வருடத்தில்
மஞ்சளுக்கு முன்னால் கறுப்பு காலியானது
அன்றுதான்.
கோலசிலாங்கூர் வரை மோட்டாரில் போய்
வாங்கி வந்தேன், மழையில்.
அதற்குள் அவள் அந்தப் பாதித் தாளில்
கரித்துண்டால் மீதி முகத்தை வரைந்து முடித்திருந்தாள்.
மூக்கு என்னுடையது மாதிரி இருந்தது.
கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு
பூப்பந்துத் திடலில் படுதா கட்டினார்கள்.
பாட்டு எப்போ வரும் என்று
ஒரு பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்.
இன்னொரு வீடியோவில் என் வலது கை மட்டும்.
சரி என்று சொன்னது நான்தான்.
மவுஸ்மேல் விரல் நகர நகர
ஒரு முகம் கோதுமையாகிறது, சுண்ணாம்பாகிறது,
திரும்பி வருகிறது.
சிரித்தார்கள்.
செங்கமலம் மட்டும் நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு
எழுந்து போனாள்.
மூன்று புள்ளி அவளுக்குப் போட்டது.
நேரில் பார்த்த அன்றே அவர்கள்
காப்பியைக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

ஓரத்தில் கயிறு கட்டித்
துணிக் கிளிப்பில் தொங்கின மற்ற தாள்கள்.
மிஞ்சி நிற்கும் ஒரு பால்மரத்தில்
தாளை ஒட்டிவைத்துக் கரி தேய்த்தவை.
சாய்ந்த கோடுகள்.
அங்கப்பன் விரலை ஓட்டிப் பார்த்துச் சொன்னார்:
"கை பழகாதவன் வெட்டு.
எலும்பு வரைக்கும் இறக்கியிருக்கான்."
யாரோ அதை அவளுக்கு மலாயில் சொன்னார்கள்.
அவள் அவசரமாக எழுதிக்கொண்டாள்,
அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே.

அவள் விமானம் ஏறிய பிறகு வந்த செவ்வாய்
வீரப்பெருமாள் வந்தார்.
இங்கே பிறந்தவர், சிவப்பு அட்டை.
நீல அட்டைக்கு இது எட்டாவது மனு.
போன தடவை கவுண்டரில்
படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்து
இது யார் என்று கேட்டார்களாம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
எடுத்தேன்.
கை கோட்டுக்குப் போனது, நின்றது.
"அண்ணே, இப்படியே விட்டுடட்டுமா?"

கண்ணாடி போட்டுக்கொண்டு
திரைக்குப் பக்கத்தில் வந்தார்.
வெளியே பஸ் வந்து ஆள் ஏற்றிப் போகிறவரை
பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு போடு" என்றார்.
"ரெண்டு வேணாம்."

நாலு பிரதி. ஆறு வெள்ளி.