கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பீட்டர்ஹெட் ஷெரீஃப் நீதிமன்றத்தில்
பத்தொன்பது வருடமாக
ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்:
"மன்னிக்கணும், நான் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது."
படிவம் கொடுக்கலாம். முத்திரை குத்தலாம்.
கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டலாம்.

மோர்வன் கெடஸ்
மீன் ஆலையில் இரவுப் பணி முடித்து நேராக வந்தாள்.
நக இடுக்கில் ஹாடக் செதில்.
கையில் பதினோரு பக்கம்,
பிழையில்லாத,
எந்த வக்கீலுக்கும் வராத மரியாதையோடு
பதினோரு பக்கம்.

போன் எழுதித் தந்ததாம்.
விடிகாலை மூன்று மணிக்கு
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.
வக்கீல் என்றால் மணிக்கு இருநூற்றறுபது பவுண்ட்.
இது கேட்கக் கேட்கச் சொல்கிறது,
கடிகாரம் பார்ப்பதில்லை.
'உங்கள் வலி எனக்குப் புரிகிறது' என்று வேறு சொல்லியிருக்கிறது.
ஸ்ட்ரூவன் ஒன்பது வருடத்தில்
ஒருமுறைகூடச் சொல்லாத வாக்கியம் அது.

முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டேன்.
அவள் கேட்கும் உத்தரவு ஸ்காட்லாந்தில் கிடையாது.
அது இங்கிலாந்துச் சட்டம்.
எல்லைக்கு இந்தப் பக்கம்
அதன் பெயர் வேறு, படிவம் வேறு, போகும் வழி வேறு.
நான்காம் பக்கத்தில் ஒரு தீர்ப்பு:
மக்ஃபீ எதிர் டல்கார்னோ,
வருடமும் பக்க எண்ணும் சகிதமாக.
மதியம் சாண்ட்விச்சைக் கடித்தபடி தேடினேன்.
மக்ஃபீயும் இல்லை, டல்கார்னோவும் இல்லை,
அவர்கள் சண்டையிட்ட பிள்ளையும்
எங்கும் பிறக்கவே இல்லை.

தெரிந்தவள் வாயைக் கட்டியிருக்கிறார்கள்.
தெரியாதது வாய் மூடுவதே இல்லை.

இலவசச் சட்ட உதவித் துண்டறிக்கையைக்
கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.
விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்தியே வைத்திருந்தேன்.
அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள்.
"ரெண்டு தடவை சரிபார்க்கச் சொன்னேன்.
எல்லாம் சரின்னு அதுவே சொல்லிடுச்சு."

வியாழக்கிழமை ஸ்ட்ரூவன் வந்தான்.
படகு பெயின்ட் கையில், எட்டுப் பக்கம்.
அதே பணிவு, அதே பத்தி பிரிப்பு,
'உங்கள் தரப்பு வலுவானது' என்று
அவனிடமும் சொல்லியிருக்கிறது
அதே வாய்.
குடித்த இரவுகளைப் பற்றி அதனிடம் மனம்விட்டுப் பேசினானாம்.
அந்தப் பேச்சு எங்கே போய்ச் சேரும் என்று
அவன் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டும் ஆட்களை
இந்தக் கட்டடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.
இதற்குக் கிள்ளத் தெரியாது, பாவம்.
இருப்பது ஒரு பிள்ளை,
இது ஆட்டுவது இரண்டு தொட்டில்.

ஷெரீஃப் இரண்டு கட்டையும் திருப்பி அனுப்பினார்.
ஏழு வாரத் தள்ளிவைப்பு.
ஏழு ஞாயிற்றுக்கிழமை
துறைமுகக் கார் நிறுத்தத்தில்
ஒருவர் காரிலிருந்து இன்னொருவர் காருக்கு
ஒரு பள்ளிப்பை மாறிக்கொண்டிருந்தது.

பிள்ளைக்கென்று எங்களிடம் ஒரு படிவம் உண்டு.
'ஷெரீஃபுக்கு நீ என்ன சொல்ல விரும்புகிறாய்?'
ஃபின்லேயின் படிவம் செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது.
அவனுக்குப் பத்து வயது.
அச்சில் அடித்து ஒட்டியிருந்தது:
'எனது உணர்வுசார் நிலைத்தன்மையைக் கருத்தில் கொண்டு
இரு தரப்பினரும்...'
யார் போனோ.
அம்மாவுடையதா, அப்பாவுடையதா,
அவனே யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கேட்டானா,
கண்டுபிடிக்க என்னிடம் படிவம் இல்லை.

கீழ் மூலையில், காகிதம் ஒட்டாமல் விட்ட இடத்தில்,
பென்சிலால் ஒரு நண்டு.
ஒரு கொடுக்கு இல்லை.
பக்கத்தில் சரிந்த கையெழுத்து:
'இவன் பேர் பிரிகேடியர்.
இவனுக்குக் கடல் தண்ணிதான் வேணும்.
எந்த வீட்டுல வாளி வைக்கலாம்?'

முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தினேன்.
வழக்கமாக வலது மூலையில்தான் தேதி குத்துவோம்.
நண்டு அங்கே இருந்தது.
காகிதத்தைத் திருப்பி
இடம் தேடினேன்.