ஒப்புக்கு என் ரத்தம்

மோல்மேனில் மே மாதத்து முதல் மழை
தகரக் கூரையோடு சண்டை பிடிக்க
மூன்றாம் எண் குழாயை எடுத்தேன்.
படிவத்தில் பெயர் மாங் ஸோ லின், வயது ஒன்பது.
வாசலில் நின்று அம்மா கூப்பிடும் பெயர் வடமலை.

முதலில் வலது முட்டி வீங்கியதாம்.
அது வற்றியதும் இடது.
அதுவும் வற்றியதும் முழங்கை.
"வலி இவன் ஒடம்புல வாடகை வீடு மாத்திக்கிட்டே இருக்கு"
என்று சிரித்தாள்,
சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்
கன்னத்துத் தனக்காவைப் புறங்கையால் அழித்தாள்.

தொண்டை வலித்ததா?
இல்லை.
காய்ச்சல்?
இல்லவே இல்லை.

ஊசியை உருவிப் பஞ்சை அழுத்திய பிறகுதான்
தண்ணீர்த் திருவிழா அவள் வாய்க்கு வந்தது.
மூணு நாள் லாரியில ஏறி நனைஞ்சான்.
நாலாம் நாள் எச்சில் முழுங்க அழுதான்.
முக்குக் கடையில கலந்து மடிச்சுத் தர்ற பொட்டலம்
ரெண்டு வேளை குடுத்தேன், சரியாப் போச்சு.
சரியாப் போனத யாராச்சும் நோயின்னு சொல்லுவாங்களா அக்கா?

சொல்வதில்லைதான்.
தொண்டை ஆறியதும் கைகழுவிவிடும்.
ரத்தம் அப்படியில்லை.
இந்த ஆய்வகம் முன்பு செட்டியார் கிட்டங்கியாக இருந்த கட்டடம்;
கொடுத்தவன் மறந்தாலும் பேரேடு மறக்காத இடம்.

சுழற்றி எடுத்த சீரம் ஒரு சொட்டு,
பால் போன்ற லேட்டக்ஸ் ஒரு சொட்டு,
கறுப்பு ஸ்லைடில் குச்சியால் கலந்து
இரண்டு நிமிடம் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும்.
தொட்டில் ஆட்டும் வேகம்கூட அதிகம்.
பால் பாலாகவே இருந்தால் ஒன்றுமில்லை.
திரிந்தால், சமீபத்தில் ஒரு கிருமி
அந்தத் தொண்டை வழியாகப் போயிருக்கிறது.

வீட்டில் பால் திரிந்தால் முகம் சுளிப்பேன்.
இங்கே குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு.
ரவை ரவையாக விட்டது.
இரண்டு மடங்கு நீர்த்தேன், திரிந்தது.
நான்கு மடங்கு, திரிந்தது.
எட்டில் அசையாமல் பால்.
கணக்கு எண்ணூறில் நின்றது.

பெட்டியோடு வந்த ஒப்புச் சீரம்
பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.
யாங்கோன் லாரி எந்தச் சாவடியில் நிற்கிறதோ!
மூன்று மாதமாக ஒப்புக்கு என் ரத்தம்தான்.
எந்த வம்புக்கும் போகாத ரத்தம்,
ஆட்டத்தில் சேர்த்தும் சேராத சப்பாணி.
எப்போது வைத்தாலும் வழவழவென்று கிடக்கும்.

இன்று அதுவும் திரிந்தது.

வேறு ஸ்லைடு எடுத்தேன். மறுபடியும்.
மருந்து கெட்டிருந்தால் பையனின் எண்ணூறும் பொய்.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்த கோ மியோவை
இழுத்து உட்காரவைத்து இரண்டு மில்லி எடுத்தேன்.
எனக்கென்ன நோய் என்று பர்மியில் கேட்டான்,
வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு.
நோய் இல்லாத ஆள்தான் வேண்டும் என்றேன்.
அவன் பால் இரண்டு நிமிடமும் பாலாகவே கிடந்தது.

அப்படியென்றால் மருந்து சரி.
எண்ணூறும் சரி.
நான்தான்.

எப்போது?
நாக்கை அண்ணத்தில் ஒட்டி விழுங்கிப் பார்க்கிறேன்.
தாய்லாந்துக்குப் போகாதே என்று
தம்பியிடம் போனில் கத்திய மறுநாள்
குரல் கம்மிப் போயிருந்தது.
கத்தியதால் என்றுதான் நினைத்தேன்.
நான்கு நாள். உப்புத் தண்ணீர்.
அவனும் போய்விட்டான்.

எண்ணூறை எழுதி அடிக்கோடு போட்டேன்.
நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், இன்றைக்கே,
என்று அந்த அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன்.
அவள் தாளைப் பார்க்கவில்லை.
ஒற்றைக் காலில் நின்று
கூரை ஒழுக்கை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்த
வடமலையைப் பார்த்தாள்.

என் ஸ்லைடுக்குப் படிவம் இல்லை.
பிளீச்சிங் வாளியில் போட்டேன்.
நாளையிலிருந்து ஒப்புக்குக் கோ மியோ.
இப்போதே வெற்றிலைக்குக் காசு கேட்கிறான்.