சமக்குறி

பிப்ரவரி. தார்த்து நகரத்து ஆறு உறைந்து கிடக்கிறது.
பன்னிரண்டாம் அலமாரி, நாற்பத்தோராம் இழுப்பறை:
இழுத்ததும் நாப்தலின் முகத்தில் அறைகிறது.
உள்ளே வரிசை வரிசையாகச் சாம்பல்.

யூபிதீசியா. பேரினம் ஒன்று,
இனங்கள் ஆயிரத்து நானூறுக்கும் மேல்.
எல்லாம் கட்டைவிரல் நகத்தளவு,
எல்லாம் மழையில் நனைந்து காய்ந்த செய்தித்தாளின் நிறம்.
சிறகை மட்டும் பார்த்து இனம் சொல்கிறவன்
பொய்யனாக இருப்பான்,
இல்லையென்றால் என் மேலாளராக.

வயிற்றை ஒடித்துக் காரநீரில் இட வேண்டும்,
வெந்நீர்க் குளியலில் கால் மணி நேரம்.
கொழுப்பு கரையும், சதை கரையும்,
கடைசியில் மிஞ்சும்
ஒரு பூட்டு, அல்லது ஒரு சாவி.
இந்த அந்துப்பூச்சிகளின் முகவரி அங்கேதான் இருக்கிறது.
முதன்முதலில் எட்டிப்பார்த்தவருக்குக்
கொஞ்சமாவது கூச்சம் இருந்திருக்கும்.

மூன்று வாரமாக இரண்டு பெயர்களோடு மல்லாடுகிறேன்.
ஒன்று ரீகாவில் ஒருவர் வைத்தது, 1937 மார்ச்;
அவர் கையில் ஆண்கள் மட்டும்.
மற்றது எங்கள் ஊர் ஏவால்த் தீதுஸ் வைத்தது,
1938 பிப்ரவரி;
அவர் கையில் ஒரே ஒரு பெண்.
அதற்கு மனைவியின் பெயரைக் கொடுத்தார்: ஹில்யா.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குத்
'தாமதமாக' என்றும் பொருள்.

போன கோடையில் சாரெமா தீவில்
ஒரு தாய் இட்ட முட்டைகளை
ஜூனிப்பர் கிளையில் வளர்த்தாள் பிரெத்.
கூட்டிலிருந்து வந்த அண்ணன்கள் ரீகாக்காரருடையவர்கள்.
தங்கைகள், ஒருத்தி விடாமல், ஹில்யா.

விதி எளிது. பந்திக்கு முந்தியவருக்கே இலை.
பதினொரு மாதம் பிந்தினால் பிந்தியதுதான்.
காலை பத்தே காலுக்குத் தட்டச்சு செய்தேன்:
ரீகாக்காரர் பெயர்.
அடுத்த வரியில், சற்று உள்ளே தள்ளி, ஒரு சமக்குறி.
அதன் பின்னால் அவள்.

இழுப்பறையை மூடுமுன் ஊசியை விளக்கடியில் திருப்பினேன்.
சிவப்புச் சீட்டு: மூலப்படி.
அதன் கீழ் ஏவால்தின் மசி, ஊர், தேதி:
ஜூன், இருட்டாத இரவுகளின் மாதம்.
அதற்கும் கீழே பென்சிலில், கடுகளவு எழுத்தில், வேறொரு கை:
'அவர் தூங்கிவிட்டார். பிடித்தது நான். ஹி.'

எண்பது ஆண்டுக்கு மேலாக
யாரும் இதைத் திருப்பிப் பார்க்கவில்லையா,
பார்த்தும் எழுதவில்லையா, தெரியவில்லை.
என் கட்டுரையில் இதற்கு இடமில்லை.
பிடித்தவர் யார் என்பது பெயரைக் காப்பாற்றாது.

ஏறிய சீட்டை யாரும் கழற்றக் கூடாது, அதுவும் விதி.
நான்காவது சீட்டை வெட்டினேன்,
சரியான பெயரை எழுதினேன்,
அடியில் செருகினேன், அவளுடையது நசுங்காமல்.
ஊசியில் இன்னும் அரை விரற்கடை மிச்சம் இருக்கிறது.