முப்பது மில்லிமீட்டர்

ஹேண்டில்பாரைத் தாங்கிய மூன்று வளையங்களையும்
உருவி என் உள்ளங்கையில் வைத்தான் ரோடெல்.
மொத்தம் முப்பது மில்லிமீட்டர்.
கடைச் சுவரில் சாய்த்துப் படமெடுத்தோம்:
பாயப்போகும் ராஜாளி.

வெள்ளிக்கிழமை. அல் கோர் தடம்.
விடிய இன்னும் அரைமணி.
இருபதாவது கிலோமீட்டரில் விரல்கள் மரத்தன.
நாற்பதில் பிடரி பூட்டிக்கொண்டது.
கடல் இடப்பக்கமாம்.
நான் பார்த்தது
முன்சக்கரத்தை மட்டும்.

இந்த வாரம்
வளையங்கள் பழைய இடத்துக்கு ஏறிவிட்டன.
"அப்படியே ஒரு கூடையும் மாட்டு,
குப்பூஸ் வாங்கப் போகலாம்"
என்றபடி கடக்கிறான் நிக்சன்,
கைப்பிடிமேல் கவிழ்ந்து,
படத்தில் இருப்பதுபோலவே அழகாக.

அவன் புள்ளியாகிப் போன பிறகும்
எதிர்க்காற்றில் வந்துகொண்டே இருக்கிறது
கோடாலித் தைல வாசம்.